கழிவுநீர் லாரி: 41 லோடுக்குப் பிறகு ஒரு விமர்சனம்

இந்த வியாழக்கிழமையோடு 41 லோடு ஆகிறது. ஒவ்வொரு லோடுக்கும் தேதி, வண்டி வந்த நேரம், போன நேரம், கொடுத்த பணம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. வங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள், அதில் பாதி கேஷ் கவுண்டரில். எழுதி வைக்காவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

எங்கள் அபார்ட்மெண்ட் பள்ளிக்கரணையில் இருக்கிறது. எட்டு வீடு. கீழே கார் நிறுத்தம், அதற்கு அடியில் செப்டிக் டேங்க். 2011ல் இந்தப் பக்கமெல்லாம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து, 14வது மண்டலம் ஆனது. வரி மாநகராட்சிக்குக் கட்டுகிறோம். பாதாளச் சாக்கடை மட்டும் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் குடிவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பால் யார் போடுகிறார்கள், இரண்டாவது கேள்வி டேங்க் லாரிக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன்.

பெயரைப் போடப் போவதில்லை. இப்போது வருகிற வண்டியின் உரிமையாளர், "மேடம், என்கிட்ட ரெண்டே வண்டிதான், மழைக்காலத்துல போனே எடுக்க முடியல, நீங்க வேற எழுதிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். முன்பு வந்துகொண்டிருந்த வண்டியின் பெயரைப் போடாததற்குக் காரணம் வேறு. அது படித்தால் தெரியும். அதைப் பச்சை வண்டி என்றும், இப்போது வருவதை நீல வண்டி என்றும் வைத்துக்கொள்வோம்.

நான் எங்கள் அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் ஆனபோது பச்சை வண்டிதான் வந்துகொண்டிருந்தது. 6,000 லிட்டர் லோடு 1,200 ரூபாய். மரியாதையாகப் பேசுவார்கள், கூப்பிட்ட அன்றே வருவார்கள். வருவது மட்டும் ராத்திரி பத்தரைக்கு மேல். பகலில் டிராஃபிக் என்று காரணம் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஹோஸைப் போட்டால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வாசலைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியும் விடுவார்கள். அந்த நேரத்தில் என்னிடம் கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

ஒரு ஆவணி மாதம் டேங்க் நிரம்பி வழிந்தது. ஒரே ராத்திரியில் இரண்டு லோடு எடுக்கச் சொன்னேன். ஒரே வண்டி, இரண்டு நடை. முதல் லோடு 10.50க்குக் கிளம்பியது. அதே வண்டி 11.25க்கு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நோட்டில் எழுதினேன், படுத்தேன், தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து நிமிடம். எங்கள் தெருவிலிருந்து பெருங்குடி சுத்திகரிப்பு நிலையம் வரை போக, ராத்திரியானாலும், மேட்டுப்பள்ளத்தில் நிறைந்த லாரியோடு இருபது நிமிடமாவது ஆகும். திரும்ப இன்னொரு இருபது. இடையில் 6,000 லிட்டரை இறக்க வேண்டும். கணக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் இடிக்கிறது. கவுண்டரில் ஒரு ரூபாய் இடித்தால்கூட வீட்டுக்குப் போக விட மாட்டார்கள். இங்கே முழு லாரியே இடிக்கிறது.

அடுத்த முறை வண்டி வந்தபோது என் மகனை ஸ்கூட்டரில் அனுப்பினேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெரு முக்கிலிருந்து இரண்டாவது திருப்பம், காலி மனை ஓரம், மாநகராட்சி மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று ஏற்கெனவே தள்ளி வைத்திருந்ததாம். விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்க வால்வைத் திறந்து, ஹோஸை உள்ளே விட்டிருக்கிறார்கள். பையன் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். இருட்டில் எதுவும் தெரியவில்லை. எனக்குப் போட்டோ தேவைப்படவும் இல்லை. போன மூன்று மாதமாக அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, மாநகராட்சிக்காரர்கள் வடிகாலைத் தூர் வாருவதே இல்லை என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டு டேங்க். ஒரு லோடுக்கு 1,200 ரூபாய் கொடுத்து, இரண்டு தெரு தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படித்தவர்களே குழம்புகிற இடம் இது, நானும் குழம்பியிருந்தேன். சென்னையில் தெருவுக்கு அடியில் போகும் இரண்டு குழாயும் ஒன்றல்ல. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. அதில் போவது பம்பிங் ஸ்டேஷன் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். சாலை ஓரத்தில் கான்கிரீட் பெட்டி மாதிரி போகிற மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதன் முடிவில் எந்த இயந்திரமும் கிடையாது. எதை ஊற்றினாலும் அப்படியே ஏரிக்கோ கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். எங்கள் பகுதியில் அது சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கொடுத்தார்கள். ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். பூநாரை பார்க்க எங்கிருந்தெல்லாமோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வீட்டு லோடும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

செப்டிக் டேங்க் கழிவு சாதாரணச் சாக்கடைத் தண்ணீர் மாதிரிகூட இல்லை. மாதக்கணக்கில் அடியில் தங்கி இறுகியது, பல மடங்கு கெட்டி. ஒரு லோடை வடிகாலில் விட்டால் தண்ணீர் ஓடிவிடும், சகதி அங்கேயே படிந்துவிடும். ஐப்பசியில் மழை வரும்போது அந்த வடிகாலில் தண்ணீர் போக இடம் இருக்காது. தெருவில் முழங்கால் வரை நிற்கும். பிறகு அந்தத் தண்ணீரில்தான் நடந்து பால் வாங்கப் போவோம்.

சரி, பச்சை வண்டியை நிறுத்தினேன். அவர்களிடம் சண்டை போடவில்லை. "அப்புறம் கூப்பிடுறேன்" என்றேன். கோழைத்தனம்தான். ராத்திரி வருகிறவர்கள், வீட்டில் நானும் பையனும் மட்டும். ஆனால் வடிகால் மூடி திறந்து கிடப்பதை மாநகராட்சியின் 1913க்குச் சொன்னேன். கழிவுநீர் சம்பந்தப்பட்டதைக் குடிநீர் வாரியத்தின் 1916க்குச் சொன்னேன். இரண்டு எண்ணையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்து வேறு வண்டி தேட வேண்டும். அதற்குள் கொஞ்சம் விதிகளைப் படித்துக்கொண்டேன். 2022ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கழிவுநீர் எடுக்கிற தனியார் லாரி உள்ளாட்சியிடமோ, சென்னைப் பகுதியில் குடிநீர் வாரியத்திடமோ உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமக் கட்டணம் 2,000 ரூபாய், இரண்டு வருடம் செல்லும். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும். எடுத்த கழிவை அதற்கென்று குறித்துக் கொடுத்த இடத்தில்தான் இறக்க வேண்டும். வேறு எங்காவது கொட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 25,000 ரூபாய் அபராதம், மறுபடியும் செய்தால் 50,000. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நகைக்கடன் கொடுக்கிற விதிமுறை மாதிரி அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் கேட்ட ஏழு பேரில் ஏழு பேரும் "லாரிக்கு எதுக்குங்க லைசென்ஸ், டிரைவருக்குத்தானே" என்றார்கள்.

கம்பத்திலும் சுவரிலும் ஸ்டென்சில் அடித்திருக்கிற நம்பரையெல்லாம் எடுத்து, வரிசையாகப் போன் போட்டேன். மூன்றே கேள்வி: உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள், இறக்கியதற்குச் சீட்டு காட்டுவீர்களா. ஒருவர் முதல் கேள்வியிலேயே வைத்துவிட்டார். ஒருவர் "எல்லாம் இருக்கு மேடம், அட்ரஸ் சொல்லுங்க" என்று இரண்டாவது கேள்வியைத் தாண்டவே விடவில்லை. இன்னொருவர் கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்: "அம்மா, உங்களுக்கு டேங்க் காலியாகணுமா, இல்ல அது எங்க போகுதுன்னு பின்னாடியே போகணுமா?" இரண்டும்தான் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அரசின் 14420 எண்ணிலும் கேட்டுப் பார்க்கலாம், செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கென்றே உள்ள எண் அது. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆறாவது போனில் நீல வண்டி கிடைத்துவிட்டது. உரிமையாளரே எடுத்தார். பதில் சொல்வதற்குப் பதிலாக உரிமத்தையும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "பெருங்குடில இறக்குவோம். க்யூ இருக்கும். அதனால ஒரு நாளைக்கு நாலு நடைக்கு மேல என்னால ஓட்ட முடியாது. ரேட்டு 1,700."

ஐந்நூறு ரூபாய் அதிகம். சங்கக் கூட்டத்தில் இதற்கு என்ன ஆகும் என்று தெரிந்தே போனேன். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நீல வண்டி பகலில்தான் வரும். ஒரு டிரைவர், ஒரு உதவியாளர். இருவருக்கும் முழங்கால் வரை பூட்ஸ், கையுறை. உதவியாளர் தம்பி கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்ததை இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் டிரைவர் திட்டினார். டேங்க் மூடியைத் திறந்ததும் உடனே ஹோஸை விட மாட்டார்கள். பத்து நிமிடம் திறந்து போட்டுவிட்டு நிற்பார்கள். பக்கத்தில் யாரையும் சிகரெட் பிடிக்க விட மாட்டார்கள். எஃப் 2 வீட்டு சார் ஒரு தடவை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார், வண்டிக்காரர் பம்பையே ஆன் செய்யவில்லை. அவர் அணைத்துவிட்டு வந்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எஃப் 2 சாருக்கு அப்படி ஒருவர் தேவை.

பம்ப் சத்தம் அதிகம். முப்பத்தைந்து நிமிடம் பக்கத்து வீட்டில் டி.வி. கேட்க முடியாது. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, கழிவுநீர் லாரிக்கு நாற்றத்துக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை.

ஏழாவது லோடின்போது ஒரு விஷயம் நடந்தது. நான் இந்த வண்டியை மாற்றாமல் இருப்பதற்கு அதுவே போதும். டேங்கின் அடியில் சகதி இறுகிப்போய் ஹோஸ் இழுக்கவில்லை. தண்ணீர் மேலாக வந்துவிட்டது, கீழே ஒன்றரை அடி அப்படியே நின்றது. எங்கள் சங்கத்திலேயே ஒருவர், வயதானவர், கெட்டவர் இல்லை, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு ஆளை எறக்கி மண்வெட்டியில அள்ளிடச் சொல்லுங்க, முந்நூறு ரூபா சேத்துக் குடுத்துடலாம்." டிரைவர் ஹோஸைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க மூவாயிரம் குடுத்தாலும் என் ஆளு எறங்க மாட்டான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இப்படி ஒரு டேங்கில் இறங்கி, அவரைத் தூக்கப் போன தம்பியும் மேலே வரவில்லையாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்கூடப் பரவாயில்லை, திடீரென்று நாற்றமே தெரியாமல் போனால்தான் ஆபத்து என்றார். ஹைட்ரஜன் சல்பைடு அளவு ஏறினால் மூக்கு முதலில் மரத்துப்போகும். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரியில் படித்ததை இந்த வயதில் ஒரு லாரி டிரைவரிடம் மறுபடி படித்தேன்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிற 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைக்குள்ளோ இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொன்னவருக்கும் பங்கு உண்டு. சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. இதையெல்லாம் அன்றைக்கு நின்றுகொண்டே அந்தப் பெரியவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம், அவர் முகம் வாடிவிட்டது. டிரைவர் எங்கள் போர் தண்ணீரை அரை மணி நேரம் டேங்குக்குள் வேகமாக அடித்து, நீளமான கம்பால் கலக்கி, சகதியை இளக வைத்து, மறுநாள் வந்து எடுத்தார். அதற்காக இரண்டு நடைப் பணம் வாங்கினார். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

எங்கே இறக்குகிறார் என்பதையும் பார்த்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பன்னிரண்டாவது லோடன்று ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் லாரிக்குப் பின்னால் போவது ஒரு தண்டனை. வலப்பக்கமும் இடப்பக்கமும் சதுப்பு நிலம், கோரைப்புல், நடுவில் வெள்ளையாகக் கொக்கு. பெருங்குடியை நெருங்கினால் குப்பைக் கிடங்கின் நாற்றம் லாரியின் நாற்றத்தையே அமுக்கிவிடுகிறது. வரிசையில் எங்கள் வண்டிக்கு முன்னால் ஏழு வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்து, "அம்மா, வெயில்ல நிக்காதீங்க, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். சந்தேகப்பட்டு வந்தவளுக்கு டீ. ஐம்பது நிமிடம் கழித்து எங்கள் வண்டியின் முறை வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஐந்நூறு ரூபாய் எங்கே போகிறது என்று புரிந்தது. டீசல் கொஞ்சம். மீதியெல்லாம் அந்த வரிசையில் நிற்கிற நேரம். பச்சை வண்டி அந்த நேரத்தில் இன்னும் இரண்டு நடை ஓட்டிவிடும்.

இப்போது குறைகள். இல்லாமலில்லை.

போன வருடம் மார்கழிக்கு முந்தின வாரம் நாலு நாள் விடாமல் மழை. எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் அவ்வளவு மேலே வந்துவிடும் என்பதால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது, டேங்குக்குள்ளேயே தண்ணீர் ஊறும். வெயில் காலத்தில் மாதம் ஒரு லோடு போதும், கார்த்திகையில் வாரம் இரண்டு. அந்த வாரம் நீல வண்டி சொன்ன நாளில் வரவில்லை. மறுநாளும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் மேலே வந்துவிட்டது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. மூன்றாம் நாள் வந்து, "ரோட்ல தண்ணி, வண்டி நகரல" என்றார். உண்மையாக இருக்கலாம். ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். பச்சை வண்டி அந்த வாரமும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதற்குப் பெருங்குடிவரை போக வேண்டிய அவசியம் இல்லையே.

வண்டியை நிறுத்தினால் தெருவில் கார் போக இடம் இருக்காது. முன்கூட்டிச் சொன்னால் நாம் ஏற்பாடு செய்துகொள்ளலாம், சொல்ல மாட்டார்கள். பில் கேட்டால் முதல் ஐந்தாறு தடவை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சங்கக் கணக்குக்கு அது செல்லாது என்று சொல்லிச் சொல்லி இப்போது பில் புத்தகம் அடித்திருக்கிறார்கள். ஜிபே வாங்குகிறார்கள்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது வேறொன்றுக்கு. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவர்கள், வேலை முடிந்ததும் ஹோஸை வாசலில் நீட்டி வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அந்தக் கழுவிய தண்ணீரை அப்படியே சாலை ஓரத்து வடிகால் துளைக்குள் தள்ளிவிட்டார்கள். 6,000 லிட்டரைப் பெருங்குடி வரை ஒழுங்காகச் சுமந்துவிட்டு, கடைசி மூன்று வாளியை என் வீட்டு வாசலில் விடுவது என்ன நியாயம்? "கொஞ்சந்தானேம்மா" என்றார் உதவியாளர். கவுண்டரில் அந்த வார்த்தையைத் தினமும் கேட்டவள் நான். ஹோஸை டேங்க் வாய்க்குள் வைத்துக் கழுவினால் அந்தத் தண்ணீரும் டேங்குக்குள்ளேயே விழும், அடுத்த லோடில் போகும், அவ்வளவுதான் வேலை. சொன்னால் அன்றைக்குக் கேட்பார்கள். புது உதவியாளர் வந்தால் மறுபடி வடிகால் துளை. இதற்காகவே ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்.

சங்கக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1,700 என்று சொன்னதுமே எஃப் 2 சார் ஒரு பிளம்பரின் எஸ்டிமேட்டை எடுத்து வைத்தார். 18,000 ரூபாய். டேங்க் நிரம்பினால் வழிகிற மேல்வாய்க் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக நடைபாதைக்கு அடியில் கொண்டுபோய் மழைநீர் வடிகாலில் சொருகிவிடுவது. இனிமேல் லாரியே வேண்டாம், ஒரு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். தெருவில் மூன்று பேர் ஏற்கெனவே செய்திருக்கிறார்களாம், பெயரும் சொன்னார். "எல்லாம் தண்ணிதானே மேடம், போற எடத்துக்குப் போகட்டும்" என்றார். எட்டுப் பேரில் நாலு பேர் தலையாட்டிவிட்டார்கள்.

அது சட்டவிரோதம், மாநகராட்சி கண்டுபிடித்தால் குழாயை கான்கிரீட் போட்டு அடைத்து அபராதமும் போடுவார்கள் என்று சொன்னேன். ஒருவரும் அசரவில்லை. சதுப்பு நிலம், பறவை என்றேன். ஒரு அம்மா கொட்டாவி விட்டார். அப்புறம்தான் டேங்க் இருக்கிற மட்டத்தைப் பற்றிப் பேசினேன். நம் டேங்கின் வாய் தெருவைவிட ஒரு முழம் தாழ்வு. மழையில் வடிகால் விளிம்பு வரை நிரம்பி நிற்கும்போது அந்தக் குழாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? தெருவிலிருந்து நம் டேங்குக்குத்தான். டேங்கிலிருந்து தரைத்தளக் கழிப்பறைக்கு. நம் கழிவு மட்டுமில்லை, அந்த மூன்று பேர் விட்டதும் சேர்ந்து வரும். தரைத்தளத்தில் இருப்பவர் யார்? எஃப் 2 சாரின் மாமியார் வீடு. கூட்டம் அதோடு முடிந்தது. டீ வந்தது.

மேல்வாய்க் குழாயை மூடி போட்டு, சிமெண்ட் பூசிவிட்டோம். அதற்கு 650 ரூபாய் ஆனது, அதுவும் நோட்டில் இருக்கிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். பதினான்கு மாதம், 41 லோடு, லோடு 1,700 வீதம் 69,700 ரூபாய். மழைக்காலத்திலும் ரேட்டை ஏற்றவில்லை, அது பெரிய விஷயம். பச்சை வண்டியாக இருந்திருந்தால் 49,200. வித்தியாசம் 20,500. எட்டு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2,562 ரூபாய் 50 காசு, மாதத்துக்கு 183 ரூபாய். பச்சை வண்டி மழையில் 1,800 வரை கேட்கும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வித்தியாசம் இன்னும் குறையும்.

ஐந்துக்கு மூன்றரை. வேலைக்கு ஐந்து, மழைக்காலத்தில் சொல்லாமல் வராததற்கு அரை போனது, ஹோஸ் கழுவியதற்கு ஒன்று போனது. நம்பர் வேண்டுமென்றால் தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேளுங்கள், தருகிறேன். வேறு பகுதியில் இருக்கிறவர்கள் உங்கள் லாரிக்காரரிடம் அந்த மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், கிளம்பிய நேரத்தையும் அடுத்த நடைக்குத் திரும்பி வந்த நேரத்தையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

வியாழக்கிழமைப் பதிவு இது: லோடு 41. தூறல். வந்தது 11.20, கிளம்பியது 11.55. இறக்கிய சீட்டு போட்டோ வந்தது 2.10. பணம் 1,700, ஜிபே. புது உதவியாளர். ஹோஸ் கழுவியது: முதல் வாளி வடிகாலில், சத்தம் போட்ட பிறகு மீதி இரண்டும் டேங்கில்.